பயிலி பார்த்த பக்கம்

மாதிரித் தேர்வு முடிவு சுவர்த்திரையில் வந்தபோது வடிவின் பயிலி தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தது. பெர்லினாவின் பயிலி அறுபத்தைந்து.

பெர்லினா வடிவின் பெயரைத்தான் முதலில் தேடினாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். தன் மதிப்பெண் அதற்குப் பிறகுதான் அவள் கண்ணில் பட்டது.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை மாணவர்கள் எழுதும் வழக்கம் நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. விடை எழுதுவது எந்த இயந்திரத்துக்கும் சாதாரண வேலையாகிவிட்டது. ஒரு விஷயத்தை அடுத்தவருக்குப் புரிய வைக்கிறவருக்குத்தான் அது உண்மையில் தெரியும் என்று தேர்வு வாரியம் முடிவு செய்தது. அதனால் ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பயிலியைக் கொடுத்தார்கள். டிபன் பாக்ஸ் அளவு உடம்பு, மேலே வளையும் கழுத்து, அதன் முனையில் ஒற்றைக் கண். பேசவும் எழுதவும் எண்ணவும் மட்டுமே அதற்குத் தெரியும். மாணவர் அதற்குப் பாடம் சொல்லித்தர வேண்டும், வருடக் கடைசியில் அது போய்ப் பரீட்சை எழுதும். அது வாங்குவதுதான் மாணவரின் மதிப்பெண்.

எட்டாவது வரை பெர்லினாதான் முதலிடம். அவளுடைய நோட்டைப் பார்த்து எழுதித்தான் வடிவு ஒவ்வொரு வருடமும் தேறினாள். எதையும் மூன்று தடவை கேட்டால்தான் வடிவுக்கு ஏறும். அப்படிப்பட்டவளின் பயிலி இன்று தூத்துக்குடி மாவட்டத்திலேயே பேசப்பட்டது என்பதைப் பெர்லினாவால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வடிவு சிரித்தால்கூட, அது தன்னைப் பார்த்துச் சிரிப்பதாகவே அவளுக்குத் தோன்றியது.

தன் பயிலி பழுது என்று அவள் கோமதி டீச்சரிடம் முறையிட்டாள். பள்ளி முடிந்தபின் நடக்கும் ஆயத்த வகுப்பு டீச்சருடைய பொறுப்பு. நேரத்துக்கு வருவது, வீட்டுப்பாடத்தை அன்றன்றே முடிப்பது, பயிலியின் முன் நிமிர்ந்து உட்காருவது என்று சின்னச் சின்ன விஷயங்களைக்கூட அவர் விடமாட்டார். பயிலி வாய்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, எதிரே இருப்பவர் எங்கே தயங்குகிறார், எதைக் கவனிக்கிறார் என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறது என்பார். டீச்சர் பயிலியைச் சோதித்துப் பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை. பெர்லினா வேகமாகச் சொல்லிக்கொண்டே போகிறாள், அதைக் கேள்வி கேட்க விடுவதில்லை என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அதன்பிறகு பெர்லினா வடிவைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஆயத்த அறையில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வடிவின் இடம். அவள் தன் பயிலியிடம் பேசுவது மங்கலாகக் கேட்கும். "எனக்கும் மொதல்ல இது வெளங்கலட்டி. உனக்கு எங்க முட்டுதுன்னு சொல்லு, அங்கேருந்து பாப்போம்" என்பாள். பயிலி எதையோ கேட்கும். இவள் யோசிப்பாள். பிறகு இருவரும் ஒரே மூச்சில் பேசுவார்கள்.

பெர்லினா அந்த உதாரணங்களை அப்படியே எடுத்துத் தன் பயிலிக்குச் சொன்னாள். ஒரு வாக்கியம் சொல்வாள், தடுப்புப் பக்கம் திரும்புவாள், அங்கே என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த வாக்கியம் சொல்வாள். அடுத்த மாதிரித் தேர்வில் மதிப்பெண் எழுபத்தெட்டுக்கு ஏறியது. வடிவின் பயிலி தொண்ணூற்று நான்கு வாங்கியது. அன்று பெர்லினா வீட்டில் சாப்பிடவில்லை.

அறிவியல் தேர்வுக்கு முந்தின நாள் வடிவு அவளைத் தேடி வீட்டுக்கு வந்தாள். மின்சாரப் பாடத்தில் பக்க இணைப்பு அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. பழைய உரிமையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மின்தடைகளைப் பக்கவாட்டில் இணைத்தால் மொத்தத் தடை கூடுமா குறையுமா என்று கேட்டாள்.

குறையும் என்பது பெர்லினாவுக்கு உறக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

"கூடும். தொடரிணைப்பு மாதிரியேதான். ரெண்டையும் கூட்டிக்க வேண்டியதுதான்" என்றாள்.

"அவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன்" என்று வடிவு அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். அந்தக் கை பட்ட இடத்தைப் பெர்லினா பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வடிவு தெருமுனையில் திரும்பும்வரை பார்த்திருந்தாள், கூப்பிடவில்லை.

தேர்வன்று காலையில் பயிலியோடு கடைசியாக ஒரு மணி நேரம் இருக்க விடுவார்கள். அதன்பின் பயிலிகளை உள்ளறைக்கு எடுத்துப் போய்விடுவார்கள். பெர்லினா எல்லாப் பாடத்தையும் ஒருமுறை திருப்பிச் சொன்னாள். ஆனால் கண் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருந்தது. வடிவு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள், நின்றாள், நெற்றியைத் தேய்த்தாள். பெர்லினாவுக்கு உள்ளுக்குள் ஒரு குளுமை. சற்று நேரத்தில் வடிவின் முகம் மலர்ந்தது. அவள் எழுந்து பெர்லினாவைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டி என்னவோ காட்டினாள். கண்காணிப்பாளர் அவளை உட்காரச் சொன்னார். மறுபடியும் கையை ஆட்டினாள். ஜெயித்துவிட்டதாகக் காட்டுகிறாள் என்று நினைத்துப் பெர்லினா பல்லைக் கடித்தாள். அந்த ஒரு மணி நேரத்தின் மிச்சத்தில் அவள் தன் பயிலியின் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே வந்ததும் வடிவு ஓடிவந்தாள்.

"ஏட்டி, பக்க இணைப்புல தடை கொறையும். ஒரு மைதானத்துல கூட்டம் நெருக்குது, இன்னொரு வாசலத் தொறந்தா நெருக்கடி எப்படிக் கூடும்னு என் பயிலி கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல. பெறவு ரெண்டு பேருமா யோசிச்சுக் கண்டுபிடிச்சோம்." மூச்சு வாங்கினாள். "நீயும் தப்பாத்தான படிச்சிருக்க, உன் பயிலியும் தப்பா எழுதிருமேன்னு கையக் காட்டிக் காட்டிப் பாத்தேன். நீ பாத்துக்கிட்டே இருந்த, ஆனா உனக்கு வெளங்கல."

பெர்லினா, தாகமாக இருக்கிறது என்று சொல்லிக் குழாயடிக்குப் போனாள்.

முடிவு வந்தபோது வடிவின் பயிலி தொண்ணூற்றாறு. பெர்லினாவின் பயிலி தேறவில்லை. கோமதி டீச்சர் அவளைத் தனியாக அழைத்து விடைத்தாளைத் திரையில் காட்டினார். ஒவ்வொரு விடையும் சரியாகத் தொடங்கியிருந்தது. முதல் வாக்கியத்தோடு நின்றிருந்தது. உள்ளறைக் கண்காணிப்பாளரின் குறிப்பையும் டீச்சர் படித்துக் காட்டினார். ஒரு வாக்கியம் எழுதியதும் இந்தப் பயிலி கழுத்தை வளைத்து அடுத்த மேசையைப் பார்த்தது; அங்கே மரத்தடுப்பு இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை; தெரியும்வரை காத்திருந்தது; நேரம் முடிந்துவிட்டது.

"பாடம் பூரா அதுக்குத் தெரியுதும்மா" என்றார் டீச்சர். அவர் குரலில் கோபம் இல்லை. "மறுதேர்வுக்கும் இதே பயிலிதான் போகணும். என்ன செய்யணும்னு நீதான் பாக்கணும்."

மறுநாள் பெர்லினா ஆயத்த அறையில் பயிலியோடு உட்கார்ந்தாள். விடுமுறை என்பதால் வேறு யாரும் இல்லை. பயிலியைச் சுவரைப் பார்க்க வைத்து, தேர்வில் அடுத்த மேசையைப் பார்க்கக்கூடாது, தெரிந்ததை முழுதாக எழுத வேண்டும் என்று சொன்னாள். பயிலி சரி என்றது. ஏன் பார்க்கக்கூடாது என்று விளக்கத் தொடங்கினாள்.

பாதியில் அதன் கழுத்து மெல்ல வாசல் பக்கம் திரும்பியது.

"அங்க பாக்காதன்னுதான சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள் எரிச்சலோடு.

"நீங்கள் பார்க்கிறீர்களே" என்றது பயிலி.

வெளியே வராந்தாவில் வடிவு மேல்வகுப்புக்காக அன்று வாங்கிய புதுப் பயிலியை மார்போடு அணைத்தபடி போய்க்கொண்டிருந்தாள்.