பாஞ்சோவைக் கிழித்த கத்தி

மார்லின் ராட்லிஃப் நனைந்த கோட்டோடு ஆர்டெல்லாவின் சமையலறைக்குள் வந்து பெட்டியை மேஜைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, போட்டாள். மூடியைத் திறந்ததும் உள்ளே அவள் வாசிக்கும் தந்தி வாத்தியமான பாஞ்சோ. அதன் வட்டமான கன்றுத்தோல் முகம் விளிம்பிலிருந்து குறுக்காகக் கிழிந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"கத்தியால கிழிச்சிருக்காங்க அக்கா."

"யாரு?"

"ஹோசியா அண்ணன்தான்னு எல்லாரும் சொல்றாங்க. நானும்தான் சொன்னேன். காலையிலேர்ந்து சொல்லிட்டே இருக்கேன். சொல்லச் சொல்ல வாய் கசக்குது."

ஆர்டெல்லா ஹேர்ஸ்டன் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் மூக்கில் செருகியிருக்கும் ஆக்சிஜன் குழாயையும் இழுத்துக்கொண்டு எழ வேண்டும். முப்பத்தொரு வருடம் சுரங்கப் பாதுகாப்பு இன்ஸ்பெக்டராக இருந்தவள். கூரை விழுந்து ஆள் செத்த இடத்துக்குள் தவழ்ந்து போய், ஏன் விழுந்தது என்று எழுதுவது அவள் வேலை. அந்த வேலை கொடுத்த கரித்தூசி இன்னும் நெஞ்சில் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு பள்ளத்தாக்குச் சனங்கள் தங்கள் வழக்குகளைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வர ஆரம்பித்தார்கள். அவளை இங்குமங்கும் ஏற்றிப் போவது டெல்மர் க்ளைன். பழுதான வண்டிகளை இழுத்து வருகிறவன்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்ற டெல்மர் அப்போதே கத்தியைப் பற்றிக் கேட்டுவிட்டான். "கத்தி எங்க கிடைச்சுது?"

"சங்க ஹால்ல, பாஞ்சோ மாட்டியிருந்த கொக்கிக்குக் கீழ, நாற்காலியில. அவரோடதுதான். கிட்டார் வாசிக்கற கத்தி."

டெல்மருக்கு அது போதும். ஹோசியா வோமாக் கிட்டாரை மடியில் படுக்க வைத்து, மடக்கிய கத்தியின் முதுகைத் தந்திமேல் வழுக்கி வாசிப்பதை ஊரே பார்த்திருக்கிறது. அந்த ஒலிக்காகவே அவர் வாசிக்கும் மூவர் பேண்டைக் கேட்க வருகிறவர்கள் உண்டு. ஹோசியாவின் கறுப்பர் சர்ச்சுப் பாட்டும் ப்ளூஸ் சோகப்பாட்டும், லோவல் ஆப்ஷரின் ஃபிடில் என்கிற மலை வயலினும், மார்லினின் பாஞ்சோவும் சேர்ந்து, நூறு வருடத்துக்கு முந்தைய பாட்டுகளைத் தோண்டி எடுத்தன. இரண்டு வருட உழைப்பு. இன்று மாலை ஏழு மணிக்குச் சுரங்கத் தொழிலாளர் சங்கக் கட்டடத்திலிருந்து ரேடியோவில் நேரடி நிகழ்ச்சி.

"நேத்து என்ன ஆச்சு?" என்றாள் ஆர்டெல்லா.

"நாள் பூரா மழை. தோல் ஊறிப்போய், நனைஞ்ச அட்டைப்பெட்டியத் தட்டுற மாதிரி சத்தம். நான் மழைன்னா சுருதியை இறக்கிக்குவேன். லோவலுக்கு அது பிடிக்கல. ரேடியோவுக்கு மந்தமா இருக்கும், சர்ச்சுப் பாட்டையெல்லாம் தூக்கிடுவோம், ஆட்டப் பாட்டு மட்டும் வேகமா அடிப்போம்னான். ஹோசியா அண்ணனுக்குக் கோவம். 'அந்த வேகத்துல அடிக்கறதுக்குத் தோலைக் கிழிச்சுப் போடலாம்'னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. கத்தியக்கூட எடுக்கல."

"அப்புறம்?"

"நானும் லோவலும் பூட்டிட்டுக் கிளம்பினோம். சாவி லோவல்கிட்டயும் ஹோசியா அண்ணன்கிட்டயும் மட்டும்தான் உண்டு. இன்னிக்கு எட்டு மணிக்கு லோவல் வந்து என்னைக் கூட்டிட்டுப் போனான். உள்ள போனா கதகதன்னு இருந்துச்சு, கோட்டைக் கழட்டி வச்சுட்டுத்தான் திரும்பிப் பார்க்கறேன்..." அவள் கிழிசலைத் தொடாமல் காட்டினாள். "மத்தியானத்துக்குள்ள லோவல் பெட்ரோல் பங்க், முடிவெட்டற கடை எல்லா இடத்துலயும் சொல்லியாச்சு. ஏழு மணிக்கு ரேடியோவுல சொல்லப் போறான், ஹோசியா பேண்டுல இல்லன்னு. சுத்துப்பட்டு மூணு கவுண்டிக்கும் கேக்கும். அதுக்கு முன்னாடி, அவரு செஞ்சாரா இல்லையான்னு சொல்லிடுங்க. நடுவுல நிக்க முடியலக்கா."

ஆர்டெல்லா பூதக்கண்ணாடியை எடுத்து, தோலை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்த பித்தளை வளையத்தைப் பார்த்தாள். வளையத்தைக் கீழே இழுத்துத் தோலை இறுக்கும் நட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபத்து நான்கு.

"உன் ஸ்பேனர் எங்கம்மா?"

"வீட்ல டிராயர்ல. வசந்தகாலத்துக்கு அப்புறம் தொடவே இல்ல. ஏன்?"

ஆர்டெல்லா மறுபடி முதல் நட்டிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். டெல்மருக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. ஆறு வருடமாக இதே கதை. அவள் எதையாவது எண்ணுவாள், இவன் வண்டி ஓட்டுவான், கடைசியில் எல்லாரோடும் சேர்ந்துதான் இவனுக்கும் தெரியும்.

ஹோசியா வீட்டு வாசலில் ஐந்து நிமிடம்தான் நின்றார்கள். அவர் உள்ளே கூப்பிடவில்லை.

"காலையில எங்க இருந்தீங்கண்ணே?" என்றான் டெல்மர்.

"தூங்கினேன். பொண்டாட்டி செத்து நாலு வருஷம் ஆச்சு. யாரைடா சாட்சிக்கு எழுப்பறது?" ஹோசியா சாவியைத் தூக்கி அவன்மேல் எறிந்தார். "இருபத்தாறு வருஷம் கரி வெட்டினேன். எனக்கு எதையாவது உடைக்கணும்னா அவன் மூக்கை உடைச்சிருப்பேன். அந்தப் பொண்ணோட வாத்தியத்தை ஏன் தொடறேன்? போய்ச் சொல்லு உங்க லோவல்கிட்ட."

"எங்க லோவலா? நான் எப்ப..."

கதவு சாத்தப்பட்டது. மழை டெல்மரின் காலருக்குள் இறங்கியது.

சங்கக் கட்டடத்தில் லோவல் ஒலிபெருக்கிக் கம்பிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் ஜன்னலோரம் விட்டெறிந்த சாவிக்கொத்தில் சாவிகளைவிட மற்றவை அதிகம்: பாட்டில் திறப்பான், அப்பாவின் சுரங்க எண் பொறித்த பித்தளை வில்லை, விரல் நீளத்தில் ஒரு ஸ்பேனர், அதிர்ஷ்டத்துக்கென்று ஒரு முயல்கால்.

"என்னக்கா விசாரணை? கத்தி இருக்கு, வாய்விட்டுச் சொன்ன வார்த்தை இருக்கு." ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிய கத்தியை ஆட்டிக் காட்டினான். "பதினோரு வருஷம் கல்யாண வீடு, திருவிழான்னு பிளாஸ்டிக் முகம் வச்ச பாஞ்சோவ அடிச்சுக் கை காய்ச்சுப் போனவன் நான். எல்லாத்தையும் விட்டுட்டு இந்தப் பழைய பாட்டுக்காக ஃபிடில் பிடிச்சேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா ஊருக்கு வெளியிலயும் கேக்கப் போறாங்க. இந்த ஆளு இப்படிப் பண்ணிட்டாரு."

"அடுப்பை யாரு பத்த வச்சது?"

லோவல் மூலையிலிருந்த நிலக்கரி அடுப்பைத் திரும்பிப் பார்த்தான். "நாங்க வரும்போதே எரிஞ்சுது. அவருதான் பத்த வச்சிருக்கணும்."

"ம்," என்றாள் ஆர்டெல்லா. "டெல்மர், ஹோசியாவையும் மார்லினையும் கூட்டிட்டு வா. வர்ற வழியில ஒரு பெப்பரோனி ரோல் வாங்கிக்க."

"பசிக்குதா?"

"உனக்குப் பசிக்கும்."

ஐந்தரை மணிக்கு நான்கு பேரும் அவள் முன்னால் இருந்தார்கள். ஹோசியா கதவோரம், தொப்பியைக் கழற்றாமல். ஆர்டெல்லா பையிலிருந்து கத்தியை எடுத்து விரித்து டெல்மரிடம் கொடுத்தாள்.

"ரோலை நாலா வெட்டு."

டெல்மர் அழுத்தினான். ரொட்டி நசுங்கியது. அறுத்தான், உள்ளிருந்த பெப்பரோனி இறைச்சி பக்கவாட்டில் பிதுங்கி விழுந்தது. கத்தியைத் திருப்பி விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தான். ஸ்பூனின் காம்புபோல வழவழவென்றிருந்தது.

"தந்தி அறுந்துடக் கூடாதுன்னு வாங்குன அன்னிக்கே சாணைக்கல்லுல தேச்சு மழுக்கிட்டேன்," என்றார் ஹோசியா. "யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"எல்லாரும் கத்தியைப் பார்த்தோம், யாரும் விரிச்சுப் பார்க்கல," என்றாள் ஆர்டெல்லா. "அடுத்தது அடுப்பு. மார்லின் எட்டு மணிக்கு வந்தப்போ ஹால் கோட்டைக் கழட்டற அளவுக்குச் சூடாயிருந்துது. இந்த ஹால் சூடாக ரெண்டு மணி நேரமாவது ஆகும். ஆத்திரத்துல தோலைக் கிழிக்க வர்றவன் முதல்ல கரியள்ளிப் போட்டு, அடுப்பு மூட்டி, குளிர் காய்ஞ்சுட்டா கிழிப்பான்? ஆறு மணிக்கு வந்தவன் வேலை செய்ய வந்திருக்கான்."

"அப்ப கிழிச்சது?" என்றாள் மார்லின்.

"யாரும் கிழிக்கல. அதுவா வெடிச்சுது. கத்தியால குத்தினா நடுவுல ஆரம்பிக்கும், ஓரம் நேரா இருக்கும். இது விளிம்புல ஆரம்பிச்சு, நார் நாரா பிஞ்சிருக்கு." பாஞ்சோவை டெல்மரிடம் நீட்டினாள். "வண்டி நட்டு ஆயிரம் பார்த்தவன் நீ. இதைப் பாரு."

டெல்மர் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தான். திருகுகள் எல்லாம் பழுப்பேறிக் கிடந்தன. ஆனால் ஒவ்வொரு நட்டுக்குக் கீழேயும், அதுவரை நட்டுக்குள் மறைந்திருந்த இரண்டு புரி மட்டும் புதுப் பித்தளையாகப் பளபளத்தது. இருபத்து நான்கிலும் அதே அளவு.

"யாரோ எல்லாத்தையும் ரெண்டு சுத்து முடுக்கியிருக்காங்க," என்றான். சொல்லும்போதே காது சூடாகியது. மத்தியானம் மேஜைமேல் கிடந்ததும் இதுதானே.

"ஊறிக் கிடந்த தோல். சத்தம் கணீர்னு வர்ற வரைக்கும் முடுக்கியாச்சு. அடுப்பு எரிய எரிய ஹால் காஞ்சுது, தோலும் காஞ்சு சுருங்குச்சு. சுருங்க இடம் எங்க இருக்கு? மார்லினுக்கு இது தெரியும், முடுக்க மாட்டா. அவ ஸ்பேனரும் வீட்ல. பிளாஸ்டிக் முகத்தையே பதினோரு வருஷம் முடுக்கிப் பழகின கைதான் இதைச் செய்யும். பிளாஸ்டிக்குக்கு மழையும் தெரியாது, அடுப்பும் தெரியாது." அவள் மூச்சு வாங்கினாள். "லோவல், ஃபிடில்ல முடுக்க நட்டு ஏது? அந்தச் சாவிக்கொத்துல தொங்கற ஸ்பேனர் இந்த நட்டுக்குச் சேருதான்னு பார்த்துடலாமா?"

லோவல் சாவியை எடுக்கவில்லை. கம்பிச்சுருளின்மேல் உட்கார்ந்தான்.

"ரேடியோவுக்கு நல்லா கேக்கணும்னுதான் முடுக்கினேன்," என்றான். "மறுபடி வந்தப்போ கிழிஞ்சு கிடந்துது. மார்லின்தான் கத்தியப் பார்த்துட்டு அவர் பேரைச் சொன்னா. நானா சொல்லலையே."

"அப்புறம் ஊர் பூரா சொன்னது யாரு?" மார்லின் அவன் முன்னால் வந்து நின்றாள். "என்னைச் சொல்ல விட்டுட்டுப் பார்த்துட்டு நின்னியாடா?"

"முப்பத்தொரு வருஷம் இதையேதான் படிச்சேன்," என்றாள் ஆர்டெல்லா. அவள் குரல் உயர்ந்ததை டெல்மர் முதல் முறையாகக் கேட்டான். "கூரையைத் தாங்கற போல்ட்டு சரியில்லாம கூரை விழும். கம்பெனி அறிக்கையில 'தொழிலாளியின் கவனக்குறைவு'ன்னு ஒரே வரி. ஏன்னா அவன் பக்கத்துலதான் சுத்தியல் கிடந்துது."

ஹோசியா கதவோரத்திலிருந்து வந்து கத்தியை எடுத்தார். ரொட்டித் துகளைத் துடைத்து, மடக்கி, சட்டைப்பையில் போட்டார்.

"பெட்ரோல் பங்க்லயும் முடிவெட்டற கடையிலயும் தனித்தனியா போய்ச் சொல்ல வேணாம், தம்பி. ஏழு மணிக்கு எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிடு. சொன்னா வாசிப்பேன். இல்லன்னா நீயும் உன் ஃபிடிலும்."

ஏழு மணிக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. ரேடியோக்காரர் கையசைத்தார். லோவல் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினான்.

"வணக்கம். இன்னிக்குப் பாஞ்சோ இல்ல. காலையில ஒரு... ஒரு தப்பு நடந்துபோச்சு. அதனால..."

"யாரு செஞ்சது?"

பின்னாலிருந்து வந்த ஹோசியாவின் கட்டைக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. ரேடியோக்காரர் சீக்கிரம் என்று கைகளைப் பரபரவென்று சுழற்றினார். லோவல் மைக்கைத் தன் பக்கம் இழுத்தான். டெல்மருக்குப் பக்கத்தில் ஆர்டெல்லாவின் ஆக்சிஜன் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

"நான்," என்றான் லோவல். "லோவல் ஆப்ஷர். தோல் கிழிஞ்சது என்னால. பழியை ஹோசியா வோமாக் மேல போட்டதும் நான்தான். அவரு அதைத் தொடவே இல்ல."

ஹோசியா உட்கார்ந்தார். கிட்டாரை மடியில் படுக்க வைத்தார். அவர் லோவலைப் பார்க்கவில்லை. அதன் பிறகும் அன்று முழுக்கப் பார்க்கவில்லை. மார்லின் வெறுங்கையோடு வந்து அவருக்குப் பக்கத்தில் நின்று, தாளத்துக்குக் கைகளைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

பையிலிருந்து கத்தியை எடுத்து அவர் தந்திமேல் வைத்தார். முதலில் எழுந்தது லோவல் நீக்கச் சொன்ன சர்ச்சுப் பாட்டு. ஹோசியாவின் காலடித் தாளத்தில், நடக்கிற வேகத்தைவிட மெதுவாக. மூன்றாவது வரியில் லோவல் ஃபிடிலைத் தூக்கி, அந்த வேகத்துக்கே வில்லை இழுக்கத் தொடங்கினான்.