பச்சை வீட்டில் ஒரு குரல்

ட்ரிங்... ட்ரிங்...

வெள்ள மீட்புக் கட்டுப்பாட்டு அறை. வரைபடக்காரி போனை எடுத்தாள். கம்ப்யூட்டரில் ஊரையே விரித்து வைத்துக்கொண்டு, படகுகளுக்கு வழி சொல்வது அவள் வேலை.

ஸ்பீக்கரில் ஓர் ஆணின் கிசுகிசுப்பு.

"சீக்கிரம் படகு அனுப்புங்க. தண்ணி ஹாலுக்குள்ள வந்துடுச்சு..."

"எங்க இருக்கீங்க?"

"அதை மட்டும் கேக்காதீங்க."

கேட்கவும் வேண்டாம். போன் சிக்னல் திரையில் ஒரு வட்டம் போட்டது. உள்ளே மூன்று வீடுகள்.

மூன்றும் பச்சை.

பச்சை என்றால் ஆட்கள் வெளியேறிய வீடு. படகு அந்தப் பக்கமே போகாது.

"காலி வீட்ல உங்களுக்கு என்ன வேலை?"

"காலின்னு நெட்ல உங்க மேப்பைப் பாத்துட்டுத்தான் வந்தேன், அக்கா."

"திருடனா?" பின்னால் நின்ற அதிகாரி குனிந்தார். "நம்ம மேப்பைப் பாத்தே வந்திருக்கான். நல்லா ஊறட்டும். மிச்சம் இருக்கறது ஒரே படகு."

"எனக்கு நீச்சல் தெரியும் சார். இங்க ஒரு அம்மா கட்டில்ல இருக்காங்க. காலை ஊன முடியல. மாடிக்குத் தூக்கிட்டுப் போறேன்னா, தொடாதேன்னு திட்டறாங்க."

வரைபடக்காரி நிமிர்ந்தாள்.

"தம்பி, மொட்டை மாடியில என்ன இருக்கு?"

"மஞ்சள் தண்ணித்தொட்டி. மாடி வழியாத்தானே உள்ள இறங்கினேன்."

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கினாள். மஞ்சள் தொட்டி ஒரே ஒரு மாடியில்.

அதிகாரி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது... என் வீடு."

"அப்ப அந்த அம்மா?"

"மாமியார். சம்சாரம் கூட்டிட்டுப் போயிருப்பான்னு நான் நினைச்சேன். நான் அனுப்பியிருப்பேன்னு அவ நினைச்சிருப்பா."

"கதவைத் தட்டிப் பாத்துட்டுத்தானே சார் பச்சை போடணும்? யார் போட்டது?"

"நான்தான். இந்த நாற்காலியில உக்காந்தே..."

படகு பறந்தது.

"அக்கா, தண்ணி கட்டிலைத் தொட்டுடுச்சு. அம்மா திட்டறதையும் நிறுத்திட்டாங்க."

வரைபடக்காரி ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினாள்.

பிறகு... படகின் மோட்டார் சத்தம்.

"ஏத்தியாச்சு அக்கா."

அதிகாரிக்கு உயிர் வந்தது. பின்னாலேயே அதிகாரமும் வந்தது.

"டேய், கரைக்கு வா. உன்னை உள்ள வெச்சு..."

"மாப்ள."

போன் கை மாறியிருந்தது.

"அந்தப் பையனை மிரட்டாதீங்க. வீட்ல ஆள் இருக்கான்னு நேர்ல வந்து பாத்தவன் அவன் ஒருத்தன்தான். உங்க ஆபீஸ்ல அவனுக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க."