ஆமைக்குத் துணை தேவை

எங்கள் குடியிருப்பில் உம்மு என்றொரு சிறுமி இருக்கிறாள். எப்போதும் உம்மென்று இருப்பதால் அந்தப் பட்டப்பெயர். தனியாக இருப்பதுதான் அவளுக்குப் பிடிக்கும் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

அவளுடைய அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. இருட்டிய பிறகுதான் வருவார். அதுவரை உம்முவும் நான்கு சுவர்களும்தான். நான் எதிர்வீடு என்பதால் இது தெரியும். வேவு பார்த்தேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒருநாள் லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பு. தரைத்தளத்துப் பல் டாக்டர் ஒட்டியது: ‘ஒரு வாரம் ஊரில் இருக்க மாட்டேன். மாலையில் என் ஆமையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. கடிதம் எழுதி விண்ணப்பிக்கவும்.’

“ஆமைக்குப் போய் விண்ணப்பமா?” என்று கேட்டேன்.

“போன தடவை எல்லாரும் ‘நான் பாத்துக்கறேன்’னாங்க. ஒருத்தரும் எட்டிப் பாக்கல” என்றார் டாக்டரம்மா.

அன்று மாலையே உம்மு கடிதத்தோடு டாக்டர் வீட்டு வாசலில் நின்றாள். நானும் தற்செயலாகக் குப்பை கொட்ட வந்திருந்தேன், காலிக் கூடையோடு.

டாக்டர் உரக்கப் படித்தார். “மதிப்பிற்குரிய ஐயா, இத்துறையில் எனக்குப் பதினோரு ஆண்டு அனுபவம் உண்டு. இரவுப் பணிக்கும் தயாராக உள்ளேன்... உனக்கு என்ன வயசும்மா?”

“ஒம்பது.”

“அப்ப பொறக்கறதுக்கு முன்னாடியே ஆமை வளத்திருக்கே.”

நான் சிரித்துவிட்டேன். உம்முவுக்கு முகம் சிவந்துபோனது.

“அம்மா வேலைக்கு எழுதினதைப் பாத்து எழுதிட்டேன், ஆன்ட்டி.”

“மேல்வீட்டு அண்ணனும் ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்திருக்கான். காலையில சொல்றேன்.”

உம்மு போகவில்லை. “அதைத் திருப்பிக் குடுங்க. வேற எழுதிட்டு வர்றேன்” என்று வாங்கிக்கொண்டு ஓடினாள்.

அவள் வெகுநேரம் ஜன்னலோரம் நின்று கீழே டாக்டர் வீட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள். காலையில் டாக்டர் பெட்டியோடு வெளியே வந்தபோது கடிதத்தை நீட்டினாள். கூடையோடு நானும் ஆஜர்.

‘டாக்டர் ஆன்ட்டிக்கு, எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் தினமும் ஜன்னலிலிருந்து உங்கள் ஆமையைப் பார்க்கிறேன். அது ரோஜாத் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து மாட்டிக்கொள்கிறது. வெளியே வரத் தெரியாமல் நீங்கள் வரும்வரை அங்கேயே நிற்கிறது. நான் இருந்தால் உடனே தூக்கிவிடுவேன். எனக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. அதனால் மறக்கவும் மாட்டேன்.’

டாக்டர் இரண்டு முறை படித்தார்.

“மாட்டிக்குதா? தினமும் அங்கயே நிக்குதே, அதுக்குப் பிடிச்ச இடம் போலன்னு இல்ல நெனச்சேன்.”

“பிடிக்காது ஆன்ட்டி. காலை உதைச்சுக்கிட்டே இருக்கும்.”

டாக்டர் பையைத் துழாவி, தோட்டத்துச் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை தோட்டத்தில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். உம்மு தரையில் உட்கார்ந்து, பள்ளியில் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நீ கேக்கறியா, இல்லையா?”

ஆமை மெல்லக் கழுத்தை நீட்டியது.

“சரி, மொதல்லேர்ந்து சொல்றேன்” என்றாள் உம்மு.