கீழே இறங்கிய அடுக்குகள்

காலை 8.50. ஒன்பதரைக்குக் கணக்குப் பரீட்சை. அச்சாகி வந்த வினாத்தாளைப் பார்த்துக் கணக்கு டீச்சர் அலறிவிட்டார். எக்ஸின் தலைமேல் இருக்க வேண்டிய இரண்டு, கீழே இறங்கி எக்ஸின் பக்கத்தில் நின்றது. முதல் ஆறு கேள்விகளிலும் இதே கூத்து.

டீச்சரும் புது சாரும் இணையத்தில் ஒரே கோப்பில் தட்டிய தாள் அது. முதல் ஆறு டீச்சருடையவை. கடைசி நாலு புது சாருடையவை. அவற்றில் ஒரு புள்ளிகூட அசையவில்லை.

"என் கேள்வி மட்டும் பாழ், அவரோடது மட்டும் பத்திரம். வேற என்ன சாட்சி வேணும்? நான் காப்பிக்குப் போனப்ப என் கம்ப்யூட்டர் திறந்தே கிடந்துச்சு. ரூம்ல இவர் மட்டும்தான்."

"நான் தொடவே இல்ல மேடம்."

புது சாரின் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்றே வாரம். தலைமையாசிரியரோ அவரை நீக்கக் காகிதமே எடுத்துவிட்டார்.

கம்ப்யூட்டர் லேபைக் கவனிக்கும் லேப் அக்கா தாளை வாங்கினார். கேள்விகளை விட்டுவிட்டு உச்சியைப் பார்த்தார்.

8.58. "பள்ளிக்கூடத்துப் பேர் தடிமனாத்தானே இருக்கும்?"

"ஆமா."

"இப்ப இல்லையே. டீச்சர் மேல கோபம்னா பள்ளிக்கூடத்துப் பேரை எதுக்கு மெலிய வைக்கணும்?"

அக்கா கோப்பின் பழைய பதிப்புகளைத் திறந்தார்.

"மாத்தினது 7.40க்கு. அப்ப எங்க இருந்தீங்க டீச்சர்?"

"இங்கதான். என் எழுத்து ஒரு சைஸ், அவர் எழுத்து ஒரு சைஸ், கண்ணை உறுத்துச்சு. மொத்தத்தையும் செலக்ட் பண்ணி, குறுக்கே கோடு போட்ட டி பட்டனை அமுக்கினேன். பிரிண்ட் கொடுத்துட்டுக் காப்பிக்கு..." டீச்சர் பாதியில் நிறுத்தினார்.

"அது அலங்காரத்தை எல்லாம் கழட்டுற பட்டன் டீச்சர். இரண்டைச் சின்னதாக்கி மேலே தூக்கி வச்சீங்களே, அதுவும் அலங்காரம்தான். கழண்டு விழுந்துடுச்சு. சார் தட்டினது சமன்பாட்டுப் பெட்டிக்குள்ள. அங்க இருக்கிற அடுக்கு அசையாது."

9.06. பழைய பதிப்பு திரும்பியது, பிரிண்டர் ஓடியது. தலைமையாசிரியர் காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். புது சாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை நேரம் நின்றுகொண்டே இருந்தவர் அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. "அவசரப்பட்டு வாயை விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க சார். பரீட்சை முடிஞ்சதும் அந்தப் பெட்டி எங்க இருக்குன்னு காட்டுவீங்களா?"

"காட்டறேன் மேடம். அதுவரைக்கும் அந்த டி பக்கம் மட்டும் போயிடாதீங்க."

முதலில் சிரித்தது டீச்சர்தான்.