பொல்லடிப் பெட்டியில் பதினொரு பெயர்கள்

நதீராவின் கையில் இருந்த பட்டியலில் இருபத்துமூன்று பெயர்கள் இருந்தன. மேலிருந்து கீழாக ஒரு முறை வாசித்தாள். கீழிருந்து மேலாகவும் ஒரு முறை வாசித்தாள். வாப்பாவின் பெயரைக் காணவில்லை.

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

நதீராவின் வாப்பா மீராசா, நற்பிட்டிமுனையில் வயல் செய்பவர். அவர்தான் ஊர்ப் பொல்லடிக் குழுவின் அண்ணாவியார். அவர் நடுவில் நின்று பாடுவார். பத்துப் பேர் கையில் பொல்லுகள் என்னும் சிறு தடிகளுடன் சுற்றிச் சுற்றி ஆடி, டக் டக்கென்று தட்டுவார்கள். அவர்கள் வராத கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கே முகம் வாடிவிடும்.

அந்தப் பாட்டுகளைக் கல்முனையில் ஒரு கலை மன்றம் கசட்டில் பதிவு செய்தது. அது 1982ஆம் ஆண்டு. கசட்டுகள் கிடைத்தன. அவற்றுக்கு வேண்டிய பிளாஸ்டிக் பெட்டிகள்தான் கிடைக்கவில்லை.

"மட்டையில பெட்டி செய்வம்," என்றார் மன்றச் செயலாளர் அப்துல் ஹமீட் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் நதீராவுக்குப் படிப்பிப்பவரும் அவர்தான். அவள் நன்றாகப் படம் கீறுவாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்த வேலையை அவளிடமே கொடுத்தார்.

நதீரா ஒரு சவர்க்காரப் பெட்டியைப் பிரித்து விரித்துப் பார்த்தாள். எது முன்பக்கம், எது பின்பக்கம், எந்த மடிப்பு எங்கே செருகுகிறது என்று கண்டுபிடித்தாள். மூன்று மட்டைகள் பாழாயின. நாலாவதில் கசட் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. முன்பக்கத்தில் பொல்லடிக் குழுவைக் கீறினாள். குழுவில் ஆடும் கச்சிமுகம்மது சாச்சாவின் தொப்பையைக்கூட விடவில்லை.

அப்போதுதான் மாஸ்டர் அந்தப் பட்டியலைக் கொண்டுவந்தார். போஷகர், தலைவர், மூன்று உபதலைவர்கள், செயலாளர், பொருளாளர் என்று அது நீண்டுகொண்டே போனது. நம் ஊரில் ஒரு மன்றத்துக்கு ஆள் சேருமுன்பே பதவிகள் சேர்ந்துவிடும்.

"முன்பக்கம் முழுக்க இந்தப் பேருகளப் போடு புள்ள. நடுவில தலைவர்ர போட்டோ," என்றார் மாஸ்டர்.

"வாப்பாட பேர் எங்க சேர்?"

"கடைசில 'மற்றும் குழுவினர்' எண்டு இரிக்கே."

"பாடினது அவங்கதானே சேர். அவங்க எப்பிடி 'மற்றும்' ஆவாங்க?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "எல்லா மன்றத்திலயும் இப்பிடித்தான் போடுற."

"அப்பிடியெண்டா நான் கீற மாட்டன்," என்றாள் நதீரா. தான் கீறிய பெட்டியையும் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டில் வாப்பா அவளைக் கடிந்தார். "மாஸ்டரோட ஏன் மல்லுக்கு நிக்கிறாய் மகள்? நம்மட பேர் ஊருக்குத் தெரியும்தானே."

"இறக்காமத்துல தெரியுமா வாப்பா? ஒலுவில்ல தெரியுமா? கசட் அங்கயும் போகுமே."

 பாட்டைப் பதிந்த அன்று வாப்பா பெருநாள் சாரனை உடுத்திக்கொண்டு போனவர். அவருக்கும் ஆசை இருந்தது. வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கம்.

மறுநாள் நதீரா தன் பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே மர்சூக் நானாவின் அச்சகத்துக்குப் போனாள். நானா பட்டியலை அச்சடித்து, மாதிரிக்கு ஒரு பெட்டி மடித்து வைத்திருந்தார். மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பி ரசித்துக்கொண்டிருந்தார்.

"சேர், ரோட்டால போறவங்ககிட்டக் கேட்டுப் பாப்பம். இதுக்குள்ள என்ன இரிக்கி எண்டு ஒராளாவது சரியாச் சொன்னா, நான் பிறகு வாயத் திறக்க மாட்டன்."

மாஸ்டர் சிரித்தார். "சரி, கேளு."

முதலில் சைக்கிளில் மீன் விற்கும் தம்பிமுத்து வந்தார். பெட்டியை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தார். "தேர்தல் நோட்டீஸா பிள்ள? இவ்வளவு பேரும் வோட்டுக் கேக்கிறாங்களா?"

அடுத்து சாரதாதேவி டீச்சர் வந்தார். "கூட்ட அறிக்கை போல இருக்கு. ஏன் பெட்டியாச் செஞ்சிருக்கிறாய்?"

மாஸ்டரின் சிரிப்புக் குறைந்தது.

மூன்றாவதாக றஸாக் காக்கா வந்தார். நடுவில் இருந்த போட்டோவைப் பார்த்ததும் மரண அறிவித்தலைக் கண்டவர்போலத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இன்னாலில்லாஹி... தலைவர் எப்ப மௌத்தானவர்?"

"அவருக்கு ஒண்டுமில்ல காக்கா," என்றார் மாஸ்டர் அவசரமாக. "இப்பதான் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறார்."

உள்ளே மர்சூக் நானா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

நதீரா தன் பெட்டியை நீட்டினாள். றஸாக் காக்காவின் முகம் மலர்ந்தது. "அட, நம்மட மீராசா அண்ணாவியார்ட பொல்லடி. கசட்டா வந்திரிக்கா? எங்க விக்கிற?"

மாஸ்டர் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "தலைவர் கோவிச்சா என்ன செய்யிற?"

"உள் மடிப்புல அவங்கட பேருகளப் போடுவம் சேர். கசட்ட எடுக்கிற எல்லாரும் அதப் பாப்பாங்க. ஒருத்தரையும் விடத் தேவையில்ல."

"அது நல்ல யோசனை. அப்ப முன்பக்கத்துல வாப்பாட பேர்."

"வாப்பாட பேர் மட்டும் ஏலா சேர். பதினொரு பேர்ட பேரும் வரோணும்."

மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ விடமாட்டாய்," என்று சொல்லிப் பேனையைக் கொடுத்தார்.

பெட்டிகள் அச்சாகி வந்த அன்று குழுவினர் எல்லாரும் நதீராவின் வீட்டில் கூடினார்கள். வாப்பா ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கச்சிமுகம்மது சாச்சா மட்டும் நதீராவின் பக்கத்தில் வந்து குந்தினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"எண்ட பேர் எங்க மகள்?"

நதீரா அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து, நாலாவது வரியின் தொடக்கத்தில் வைத்தாள். அவர் விரலை எழுத்துகளின் மேல் மெதுவாக நகர்த்திக் கடைசிவரை கொண்டுபோனார். மறுபடியும் தொடக்கத்துக்கு வந்தார்.

"கொஞ்சம் நீளமான பேர்தான்," என்றார்.

"ஓம் சாச்சா," என்றாள் நதீரா. "முழுசாத்தான் போட்டிரிக்கன்."