சிவப்பு இழை

தறியில் அந்த மாதம் ஏறியிருந்தது பச்சைப் பாவு. வீட்டில் ஒரு முழம் சிவப்புப் பட்டுகூடக் கிடையாது. அப்படியிருக்க, மீன்தொட்டியில் ஒரு பெண் கப்பியின் பின்பக்கத்திலிருந்து நெல்மணி நீளத்துக்குச் சிவப்பு இழை ஒன்று தொங்குவதைப் பானுப்ரியா பார்த்தாள்.

நூல் முனை தொங்கினால் அவள் கை சும்மா இருக்காது. புதுப் பாவின் ஆயிரக்கணக்கான நீளவாக்கு இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாக முறுக்கி இணைப்பதுதான் அவள் வேலை. ஆரணியில் அந்த வேலைக்கு இடது கைக்காரி அவள் ஒருத்திதான். அவள் முறுக்கு மட்டும் எதிர்ப்பக்கமாக விழும். நெசவாளிகள் தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். மீனை வலையில் தூக்கி, இழையைப் பிடித்து இழுத்தாள். வந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு பாவின் முன் உட்கார்ந்தவள், வழக்கம்போல விரலை நாக்கில் ஈரப்படுத்தி வேலையைத் தொடர்ந்தாள்.

மாலையில் அந்தக் கப்பி செத்து மிதந்தது. மோலி, டெட்ரா, ஏஞ்சல் என்று மற்ற மீன்கள் எல்லாவற்றிலும் சிவப்பு முனைகள். மீன் அசைந்தால் உள்ளே போயின, நின்றால் வெளியே எட்டிப் பார்த்தன.

அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்த மீன்கடைக்காரர் சக்கரவர்த்தி போனில் பதறினார். "அது நூல் இல்லம்மா, புழு. குடலைக் கடிச்சிகினு வாலை மட்டும் வெளிய விட்டுகினு இருக்கும். இழுத்துடாதீங்க, குடல் கிழிஞ்சிடும்."

இழுத்ததைப் பற்றி அவள் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் சாக்கடையில கொட்டு பானு. மீனுக்குப் போய் இன்னா இவ்ளோ பேஜாரு?" என்றான் கணவன் ஜெயக்குமார்.

"ஆறு வருஷமா நான் வளத்ததுங்க. நான் எதுக்குக் கொட்டணும்? அந்தப் புழு போகட்டும்."

ஆட்டுக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தை, சக்கரவர்த்தி சொன்ன அளவில் தண்ணீரில் கலந்தாள். விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடினாள். மறுநாள் அடிமணலில் செத்த புழுக்கள் சிக்குநூலாகக் கிடந்தன. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துக் கொதிநீரில் கொட்டினாள். தானும் ஒரு பூச்சி மாத்திரை விழுங்கிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், இரண்டாம் முறை மருந்து போடும் நாள். மீன்கள் கொழுத்திருந்தன. ஒன்றில்கூடச் சிவப்பு இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது கரண்ட் போனது. தெருவில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றன, கொளுத்தும் பகல் வெயிலில் தெருவே வாயடைத்துப்போனது, அந்த அமைதிக்குள் சாயத்தில் நனைந்த பட்டின் வாடையும், தறியின் அச்சுப் பல்லுக்குள் இழை வழுக்கிப் போகும் சரசரப்பும் மெல்ல எழுந்தன. அவர்கள் தறி சும்மா நின்றது. ஜெயக்குமார் கடைக்குப் போயிருந்தான்.

சத்தம் அவள் வயிற்றுக்குள் கேட்டது.

வலது கட்டைவிரல் அரித்தது. பார்த்தாள். நகக்கண்ணில் ஒரு சிவப்பு முனை. தொட்டதும் உள்ளே போனது. கையை ஆட்டாமல் இருந்தாள். திரும்ப வந்தது.

இழுத்துடாதீங்க.

பயந்தாள். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது.

"என் வீட்ல, என் உடம்புல. உனக்கு இடமில்ல."

நூல் சுற்றும் ராட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பல்லால் முனையைக் கவ்வி ராட்டைக் குச்சியில் கட்டினாள். இடது கையால் சக்கரத்தைச் சுற்றினாள்.

வந்தது. ஒரு முழம். பத்து முழம். ஈரமாக, மினுமினுப்பாக. வயிற்றில் ஏதோ வழுக்கியது. வலித்தது. விடவில்லை.

விரலில் ஒரு சிறு மேடு தட்டியது.

முறுக்கு.

எதிர்ப்பக்க முறுக்கு.

அவள் கை வேலை.

அரை முழம் தாண்டி இன்னொன்று. பிறகு இன்னொன்று. அவள் இழுக்க இழுக்க, உள்ளே அவள் முறுக்கிலேயே புது இழை இணைந்துகொண்டிருந்தது.

தொட்டியில் மீன்கள் எல்லாம் கண்ணாடியருகே வந்து அசையாமல் நின்று அவளைப் பார்த்தன.

"எத்தினி பாவு இருந்தாலும் சரி, உன்ன வுடமாட்டேன்" என்றாள். வாயோரம் ரத்தம்.

குச்சி நிறைந்துவிட்டது. இழை அறுந்துவிடாமல் பல்லில் கவ்விக்கொண்டு, அடுத்த குச்சியை எடுத்து மாட்டினாள்.