பத்து மணி நேர நீலம்

தினமும் காலை ஏழு மணிக்கு ஒளிக்கூழைத் தொட்டுப் பார்ப்பது பொற்கொடியின் வேலை. மயிரிழை ஊசியால் மெல்ல அழுத்தினால் இறுக்கமானி எண்ணைச் சொல்லிவிடும். அந்தப் புரத ஜெல் நீல ஒளியில் இறுகும், சிவப்பில் இளகும். அதன்மேல் நோயாளியின் சொந்தச் செல்கள் இதயத் துண்டாக வளரும். இப்போது மாவட்டத்துக்கு மாவட்டம் இப்படியொரு வளர்ப்பறை உண்டு.

இன்று கதவைத் திறந்தாள். அறை முழுக்க நீலம்.

நேற்று ஆயுத பூஜை. நுண்ணோக்கிக்கு மாலை, மானிக்குச் சந்தனப் பொட்டு என்று எல்லாம் முடிந்தபின், கூழ் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி சீரியல் பல்பு கட்டியதும் அவள்தான். சிவப்புதானா என்று மூன்று முறை பார்த்துத்தான் கட்டினாள். அந்தப் பாழாய்ப்போன பல்பு தானாக நிறம் மாறும் என்று யார் கண்டது? கேமராவை ஓட்டிப் பார்த்தாள். பத்து மணி நேரம் நீலமாகவே எரிந்திருந்தது.

பிடுங்கி எறிந்தாள். ஒரு மணி நேரத்தில் கூழ் இளகியது, மானியும் பச்சை காட்டியது. ஆனால் ஆறு மணி நேரத்துக்கு மேல் இறுக்கத்தில் கிடந்த செல்கள் அதை மறப்பதில்லை. உடம்புக்குள் போனபின் மெல்ல மெல்லத் தழும்பாகிவிடும்.

"பச்சைதானே காட்டுது? பதினோரு மணிக்கு ஆபரேஷன். பேசாம இரும்மா," என்றார் டாக்டர் ஜெபசீலன்.

"ஷகிலாகிட்ட சொல்லணும் சார்."

"சொல்லி? புதுசா வளர்க்க நாற்பது நாள். அந்த இதயம் இருபது நாள்கூடத் தாங்காது."

பொற்கொடி நிற்கவில்லை. வார்டில் ஷகிலா தலைவாரிக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது. மகள் இரண்டாம் வகுப்பு. பொற்கொடி தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ஷகிலாவின் கையில் சீப்பு அப்படியே நின்றது.

"இதையே வச்சா எவ்வளவு நாள் மேடம் ஓடும்?"

"ரெண்டு வருஷம். ஒரு தடவை ஒட்டினா ஒட்டினதுதான், எடுத்துட்டு வேற வைக்க முடியாது."

"ரெண்டு வருஷமா!" ஷகிலாவின் முகம் மலர்ந்துவிட்டது. "இருபது நாளுக்கு இது எவ்வளவோ மேல். பாப்பா நாலாங்கிளாஸ் போயிடுவா. வச்சிடுங்க மேடம். அழாதீங்க, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?"

அவள் பொற்கொடியின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். பொற்கொடியால் முடியவில்லை.

"நான் அந்தப் பல்பைக் கட்டாம இருந்திருந்தா," என்றாள், "முப்பது வருஷம் ஓடியிருக்கும்."

ஷகிலா கையை விட்டாள்.